குளியலறைக்குப் பின்னால் ஐந்து செடிகள்

ஞாயிறு, காலை

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதுகிறேன். நீயாவது நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று மாதத்தில் முதல் கடிதம், அதுவும் ஒரே ஒரு பக்கம். இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்கக் கண்ணாடியைத் தேடினால் காணோம். வீடெல்லாம் தேடிவிட்டுப் பார்த்தால் தலையிலேயே இருக்கிறது.

ஓர் அறையில் நான்கு கட்டில், நான்கு பெண்கள், ஒரே ஒரு மேஜை விசிறி என்று எழுதியிருந்தாய். விசிறி யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எழுதவில்லை. உன்னை எனக்குத் தெரியாதா? மற்ற மூன்று பேர் பக்கம் திருப்பிவைத்துவிட்டு நீ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாய். பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை, நாள் முழுக்க நின்றுகொண்டே என்கிறாய். நின்றபடியே வேலை செய்தால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். வேலை விட்டு வந்ததும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார். சொன்னால் கேட்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன்.

மோட்டார் கொட்டகையில் ஒயரை எல்லாம் மாற்றியாகிவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து பழையதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்துக் கொடுத்தார். இதை ஐந்து மாதம் முன்னாலேயே செய்திருந்தால் என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஷாக் அடித்து என் தம்பி விழுந்து கிடந்த இடத்தில் இப்போது சிமென்ட் பூசியிருக்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை. சுவிட்ச் போட வேண்டுமென்றால் பால்காரரைக் கூப்பிடுகிறேன்.

மேல் தோட்டம் சும்மாதான் கிடக்கிறது. ஒரு பருவத்துக்கு யாரும் தக்காளி வைக்கக் கூடாது என்று விவசாயிகள் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். நம்முடையது மட்டுமா, ஏழு வீட்டுத் தோட்டம். இலை மேல்நோக்கிச் சுருண்டு, ஓரம் மஞ்சளாகி, பூவெல்லாம் கொட்டி, காய் என்று பறிக்க ஒன்றுமில்லாமல் எல்லாரும் உழுது போட்டதை நீயே பார்த்துவிட்டுத்தான் போனாய். கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ரேடியோக்காரர் வாய்தான் இன்னும் ஓயவில்லை. காலையில் திறந்தால் சாயங்காலம் வரை ஒலிபரப்பு. நாற்றோடு சேர்த்து நோயையும் நீ வேலை பார்த்த நாற்றுப் பண்ணையிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டாய் என்பதுதான் அவருடைய தலைப்புச் செய்தி. நான் கேட்டுக்கொண்டு சும்மா வந்துவிடுகிறேன். சங்கக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். அது முடிந்த கதை.

அங்கே ஒரு நாற்றுப் பண்ணையில் உன்னை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள் என்றும், உன் கையால் போன நாற்று சுத்தமானது என்று பழைய முதலாளி ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் போதும் என்றும், அதை நான் கேட்டு வாங்கி அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். நான் எப்படியம்மா போய்க் கேட்பது? உன்னை வேலையை விட்டு நிறுத்தினதே அவர்தான். நான் போய் நின்றால் ஆயிரம் கேள்வி கேட்பார். சமயம் பார்த்துப் போகிறேன். நீ நச்சரிக்காதே.

அந்தப் பண்ணை என்றாலே தம்பி முதல் முதலில் உன்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்த நாள்தான் எனக்கு ஞாபகம். வலைக்கூடாரத்துக்கு இரண்டு கதவு, வெளிக்கதவைச் சாத்தாமல் உள்கதவைத் திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறது. நாற்று வாங்கப் போன நம் மகாராஜா இரண்டையும் ஒன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு நடுவில் நின்றிருக்கிறார். படிக்கத் தெரியாதா, ஒரே ஒரு வெள்ளை ஈ உள்ளே வந்தால் இத்தனை நாற்றும் போய்விடும் என்று ஒருத்தி கத்தினாள் அக்கா என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். திட்டு வாங்கினவன் எதற்குச் சிரிக்கிறான் என்று அப்போதே எனக்குச் சந்தேகம். அடுத்த வாரம் தேவையே இல்லாமல் மறுபடி நாற்று வாங்கப் போனான்.

பேச ஆளில்லாத வீடாகிவிட்டது. காலையில் எழுந்ததும் குளியலறைக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே ஐந்து தக்காளிச் செடி இருக்கிறது. துவைக்கிற தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது, அதனால் வாடவில்லை. முழங்கால் உயரத்துக்கு மேல் வளரவும் இல்லை, ஒரு காய்கூடப் பிடிக்கவும் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும். நானும்தான் காய்க்காமல் இத்தனை வயதுவரை நிற்கிறேன், என்னை யாரும் பிடுங்கியா போட்டுவிட்டார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. அடிக்கடி எழுது, இரண்டு பக்கமாக எழுது.

இங்ஙனம்
உன் அண்ணி


புதன், மத்தியானம்

டீச்சரம்மா,

உன் பதில் வந்தது. அதைக் கடிதம் என்று நான் சொல்ல மாட்டேன். அஞ்சலட்டையில் மூன்று வரி. முதல் வரியில் நலமா. மூன்றாம் வரியில் அன்புடன். நடுவில் ஒரே ஒரு கேள்வி: குளியலறைக்குப் பின்னால் இருக்கும் ஐந்து செடியும் எங்கிருந்து வந்தவை?

அதை வாசித்ததும் எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? ஒரு மாதமாகத் தபால்காரர் மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினவள் நான். கால் வலி எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, எதுவும் இல்லை. போலீஸ்காரர் விசாரிப்பது மாதிரி ஒரு கேள்வி. செடி எங்கிருந்து வரும்? பறவை போட்டிருக்கும். பாத்திரம் கழுவின தண்ணீரோடு விதை போயிருக்கும். தக்காளி முளைக்க யாரிடமாவது அனுமதி கேட்குமா?

உனக்கு எல்லாவற்றிலும் சட்டம், அதனால்தானே டீச்சரம்மா என்கிறேன். தம்பி போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை, சாலையோர வேலியை ஒட்டி இருபத்தேழு செடி சுருண்டிருக்கிறது, இன்றைக்கே பிடுங்க வேண்டும் என்று வந்து நின்றாய். அவன் ஒரே நாளில் ஒற்றை ஆளாக நட்ட தோட்டம், அவன் கடைசியாகச் செய்த வேலை, கொஞ்சம் பொறு என்றேன். பொறுக்க முடியாது அண்ணி என்றாய். மறுநாள் காலை பனி காய்வதற்குள் போய், ஒவ்வொரு செடிக்கும் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, அடியில் இறுக்கிக் கட்டி, அப்புறம் வேரோடு இழுத்தாய். திருடனுக்கு முகத்தை மூடிக் கூட்டிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி. உன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு உன்மேல் வந்த வெறுப்பை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

சரி, அது போகட்டும். இங்கே ஒரு சமாசாரம். ரேடியோக்காரர் சங்கம் சொன்னதைக் கேட்காமல், வெளியூரில் வேறொரு பண்ணையிலிருந்து நாற்று வாங்கி அரைத் தோட்டத்துக்குத் தக்காளி வைத்தார். உன் கைபடாத நாற்று என்று ஊரெல்லாம் ஒலிபரப்பு வேறு. நேற்றுக் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் சத்தமில்லாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. என்ன என்று கேட்டேன். நம் வேலியை ஒட்டின இரண்டு வரிசையும் சுருண்டுவிட்டதாம். நட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. சுற்றுவட்டாரத்தில் வேறு தக்காளியே கிடையாது, அந்தப் பெண்ணும் ஊரில் இல்லை, இது எங்கேயிருந்து வந்தது என்று என்னைக் கேட்டார்.

எனக்கு என்ன தெரியும் என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டேன்.

சனிக்கிழமை வேளாண்மை ஆபீஸிலிருந்து பயிர் டாக்டர் வந்து பார்க்கப்போகிறார்களாம். முதலாளியிடம் நான் இன்னும் போகவில்லை. நீ கேட்டதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை என்று எனக்கே தெரிகிறது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், எழுத வரவில்லை. இப்படியே அனுப்புகிறேன். கோபத்தில் எழுதினதை மனதில் வைத்துக்கொள்ளாதே. காலை வெந்நீரில் வை.

அண்ணி


வெள்ளி, காலை

அன்புள்ள என் தம்பி மனைவிக்கு,

டீச்சரம்மா என்று கேலியாக எழுத இன்று கை வரவில்லை. இந்த உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பத்திரமாக வை. உன் பழைய முதலாளி தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அது எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். உட்கார்ந்து படி.

சனிக்கிழமை பயிர் டாக்டர் வந்தார்கள். டாக்டர் என்றதும் நான் ஒரு பெரிய மனுஷரை எதிர்பார்த்தேன். வந்தது ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்குகிறது. ரேடியோக்காரர் தோட்டத்தில் குனிந்தவள் அரைமணி நேரம் நிமிரவில்லை. அப்புறம் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, போன தடவை சுருட்டல் எங்கே ஆரம்பித்தது என்பது. நம் மேல் தோட்டத்தில், சாலையோர வேலியை ஒட்டி ஒரே வரிசையாக இருபத்தேழு செடி என்று அவர் சொன்னார். அப்படியென்றால் நாற்று சுத்தமாகத்தான் வந்திருக்கிறது என்றாள் அவள். பண்ணையிலேயே நோய் பிடித்திருந்தால் தோட்டம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காட்டியிருக்கும், வேலியோரமாக வரிசையாகக் காட்டினால் சாலைக்கு அந்தப் பக்கத்துக் களைச்செடியிலிருந்து ஈ பறந்து வந்து முதலில் கிடைத்த வரிசையில் உட்கார்ந்தது என்று அர்த்தம் என்றாள். சங்கக் கூட்டத்தில் நீ சொன்னது இதையேதான். அன்றைக்கு ஒருவரும் உன்னைச் சொல்லி முடிக்கவே விடவில்லை.

அவள் அதோடு விடவில்லை. சுருண்ட வரிசையைப் பிடித்துக்கொண்டே நம் வேலிவரை வந்தாள். எட்டிப் பார்த்தாள். அங்கே என்ன செடி என்று கேட்டாள். சுற்றிக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்து, குளியலறைக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, ஓர் இலையை மெதுவாகத் திருப்பினாள். கண்ணாடியை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள்.

ஐந்து மாதமாகத் தினமும் அந்தச் செடிகளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளும் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்ததில்லை. மாவு தூவின மாதிரி இருந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் றெக்கை. நகராமல் வாயை இலையில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் செதில் செதிலாக அதன் குஞ்சுகள். அவள் விரலால் தண்டைச் சுண்டினாள். அத்தனையும் கிளம்பி என் முகத்துக்கு நேரே பறந்தது.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். அந்த ஈக்கு எந்த நோயும் வருவதில்லையாம். நோய்ச் செடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சாறு குடித்தால் போதும், அப்புறம் சாகிற வரைக்கும் உட்காருகிற செடிக்கெல்லாம் அதைக் கொடுத்துக்கொண்டே போகுமாம். பிடித்த செடிக்கு மருந்து கிடையாதாம். இந்தச் செடி இத்தனை மாதமாகச் சாகாமல்தானே இருக்கிறது, அப்புறம் என்ன என்று நான் கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"செத்துப்போற செடியால ஆபத்து கம்மிம்மா. இந்த மாதிரி சாகாம நிக்கற செடிதான் சுத்தி இருக்கற எல்லாத்தையும் கெடுக்கும்."

இப்போது நீ அஞ்சலட்டையில் கேட்டதற்குப் பதில். அந்த ஐந்தும் நீ பிடுங்கின இருபத்தேழில் ஐந்து.

அன்று காலை நீ பைகளைக் கட்டியபடியே கிழக்கு வேலியோரம் வெயிலில் அடுக்கிவைத்தாய். மூன்று நாள் யாரும் அவிழ்க்கக் கூடாது, உள்ளே இருக்கிறது எல்லாம் சூட்டில் செத்த பிறகு புதைக்கலாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய். நீ உள்ளே போனதும் நான் போய் அவிழ்த்தேன். ஒன்றிரண்டு இல்லை, இருபத்தேழையும். தம்பி இடது கைக்காரன் அல்லவா, நாற்றை ஊன்றினதும் இடது கட்டைவிரலால் அடி மண்ணில் ஓர் அழுத்து அழுத்துவான். அந்தப் பள்ளம் இருக்கிறதா என்று ஒவ்வொரு மண்கட்டியாகப் பார்த்தேன். தண்ணீர் பட்டு முக்கால்வாசி கரைந்துபோயிருந்தது. ஐந்தில் இருந்தது. இருந்ததாக எனக்குத் தோன்றியது. அந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டு மற்றதை எல்லாம் மறுபடி பைக்குள் போட்டு, நீ கட்டின மாதிரியே கட்டிவைத்தேன். உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் அப்படிக் கட்டினேன். ஐந்தையும் குளியலறைக்குப் பின்னால் நட்டுவிட்டு, நீ ஊரைவிட்டுப் போகும்வரை துவைக்கிற வேலையை எல்லாம் நானே எடுத்துக்கொண்டு உன்னை அந்தப் பக்கம் வரவிடவில்லை.

அவிழ்க்கும்போது முகத்தில் ஏதோ தூசி பறந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அடுத்த பையை அவிழ்த்தேன். அன்றைக்குக் காற்று கிழக்கே அடித்துக்கொண்டிருந்தது. அது தூசி இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை மாதம் ஆயிற்று. ஏழு வீட்டுத் தோட்டமும் என் கையால் போனது, பெண்ணே. நீ கட்டிவைத்திருந்தாய். நான்தான் திறந்துவிட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பாதி உண்மையும்கூட. ஈயைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் சங்கக் கூட்டத்தில் நீ எழுந்து, பிடுங்கினதை எல்லாம் பையில் கட்டித்தான் வைத்தேன், என் அண்ணியைக் கேளுங்கள் என்று சொன்னபோது பைகளை அவிழ்த்தது நான் என்பது எனக்குத் தெரியும். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அவிழ்த்தேன் என்று சொன்னால் வீட்டுக்கு வந்து அந்த ஐந்தையும் பிடுங்கிவிடுவார்களே என்பது ஒன்றுதான் அப்போது என் மனதில் இருந்தது. உன் வேலை இல்லை, உன் பேர் இல்லை, நீயே இல்லை.

"எனக்கென்ன தெரியும், நான் வீட்டுல இருந்தேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு நீ யாருக்கும் ஒரு பதிலும் சொல்லவில்லை. மறுநாள் முதலாளி உன்னை வரவேண்டாம் என்றார். அந்த வாரமே பெட்டியைக் கட்டினாய். பேருந்து ஏற்றிவிட நான் வரக்கூட இல்லை, தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

பயிர் டாக்டர் அந்த ஐந்தையும் தானே பிடுங்கிவிடுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பனியிலேயே எழுந்தேன், அந்த நேரத்தில் ஈ சோம்பலாக இருக்கும், பறக்காது என்று நீ சொன்னது போலவே. பையைக் கவிழ்த்து, அடியில் கட்டி, இழுத்தேன். நான்கு வந்துவிட்டது. ஐந்தாவது வரவில்லை. வேர் கல்லுக்கு அடியில் போயிருந்தது. கடப்பாரை போட்டு எடுத்தேன். என் கண்ணிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கையில் வேலை இருக்கும்வரை வராது போலிருக்கிறது. எல்லாம் முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு குளிக்கப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகுதான் வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இருபத்தேழையும் பிடுங்கின அன்று நீ குளியலறையில் வெகுநேரம் இருந்தாய். தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவே இல்லை. இருக்கிற தண்ணீரை எல்லாம் இவளே கொட்டித் தீர்க்கிறாள் என்று வெளியில் நின்று முணுமுணுத்தபடிதான் நான் பைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. அவன் எனக்குத் தம்பி, நான் வளர்த்த பிள்ளை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் உனக்கு யார் என்று ஒரு நாளாவது, ஒரு நிமிஷமாவது நான் நினைத்துப் பார்த்திருந்தால்.

திங்கட்கிழமை சங்கத்தில் எல்லாரையும் கூப்பிடச் சொன்னேன். முதலாளியையும் வரவழைத்தேன். பேசிப் பழக்கமில்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

"அவ கட்டித்தான் வெச்சா. அவுத்தது நான். அன்னைக்குப் பொய் சொன்னதும் நான்தான்."

அந்த ஏழு வீட்டில் கடைக்கோடித் தோட்டத்துக்காரி என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள். அவளுக்கு அந்தத் தோட்டத்தை விட்டால் வேறு கிடையாது, அவள் போனதில் தப்பே இல்லை. இன்னும் இரண்டு பேர் என்னிடம் பேசுவதில்லை. ரேடியோக்காரர் கத்துவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பெண்ணை நான் பேசாத பேச்சில்லையே என்று மட்டும் சொன்னார். முதலாளி அங்கேயே தாள் கேட்டு வாங்கி எழுதினார். நீ திரும்பி வந்தால் வேலை இருக்கிறது என்றும் சொன்னார். அதை உன்னிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார், சொல்லிவிட்டேன்.

ஆனால் அதற்காக வா என்று நான் எழுதவில்லை. உன்னைக் கூப்பிட எனக்கு வாய் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு போய் அங்கே அந்தப் பண்ணையில் சேர். இரண்டு கதவுக்கு நடுவில் யாராவது அசட்டுத்தனமாக நின்றால் நன்றாகத் திட்டு. உனக்கு அந்த வேலைதான் அழகு. பெட்டி அடுக்குவது உன் வேலை இல்லை.

ஐந்து பையும் வெயிலில் கிடக்கிறது. இன்றோடு ஆறு நாள். தொடவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டாம். அது மனதில் இல்லாமல் எழுதினதாக இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். திட்டி எழுது. என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று இருந்ததோ, அன்று சங்கத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதையெல்லாம் விழுங்கினாயோ, அத்தனையும் எழுது. அஞ்சலட்டையில் மூன்று வரியாக இருந்தாலும் சரி, வாசலில் நின்றே படிப்பேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, என் கண்ணே. இந்த வீட்டில் அவனைப் பற்றிப் பேச எனக்கு உன்னைத் தவிர ஆள் கிடையாது.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். உன் கையால் வைத்தது எல்லாம் தழைக்க வேண்டும்.

அண்ணி என்று கையெழுத்துப் போட எனக்கு இனி உரிமை இருக்கிறதா தெரியவில்லை. அது நீ கொடுத்தால்தான். அதுவரை,

உன் வீட்டுக்காரனுடைய அக்கா